ஹட்டன் மலைச்சாரற் குடியிருப்புக்களும் ஆண் பெண் நிலையும்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனவும், அந்நிலத்துக்கு உரிய ஒழுக்கம் புணர்தல் எனவும் வகுத்தனர் பண்டைத் தமிழ் நூலோர். நிலத்தின் இயல்பையும் ஆண் பெண் உறவின் இயல்பையும் ஒருங்குவைத்து எண்ணிய இம்மரபு நமது இலக்கியத்துக்குரிய தனிச்சிறப்பு. ஆனால் ஓர் ஊர் எவ்வாறு உருவாயிற்று என ஆராயப் புகும் வரலாற்றாசிரியர் ஆற்றையும் பாதையையும் சந்தையையும் எடுத்துப் பேசுவாரேயன்றி, அங்கே எவர் எவரோடு கூடி வாழ இடங்கொடுக்கப்பட்டது, எவருடைய உழைப்புக்கு எவ்வளவு கூலி குறிக்கப்பட்டது, பொழுது சாய்ந்தபின் தெருவில் நடமாடும் உரிமை எவர்க்கு இருந்தது என்பனவற்றை அத்துணை கவனிப்பதில்லை. ஈழத்து மலைநாட்டில் ஹட்டன் பட்டினமும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் தோன்றி வளர்ந்த கதையை நோக்குமிடத்து, அங்குள்ள குடியிருப்புக்களின் உருவத்தை வரைந்தவை பெரும்பாலும் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளே என்பது புலனாகும்.

ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. அப்பெயர் ஸ்கொத்லாந்துக் கிராமம் ஒன்றின் பெயர் என்பர். அந்நாட்டுத் தோட்டக்காரர் தம் ஊர்ப்பெயர்களை இந்நாட்டுக் காடுகளுக்கு இட்டு மகிழ்ந்த காலம் அது. 1884ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை நாவலப்பிட்டிக்கு அப்பால் ஹட்டன் வரை நீண்டது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பள்ளத்தாக்குகளின் தேயிலை அந்நிலையத்திலே வந்து குவியலாயிற்று. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகரும் அங்கேயே இறங்கினர். பட்டினம் புகையிரத நிலையத்தைச் சார்ந்து எழுந்தது என்று கூறுவது பிழையன்று. ஆயின், அப்பட்டினத்தில் யார் வாழ்ந்தனர், யார் வந்துபோயினர், யார் வராதிருந்தனர் என்பதைப் புகையிரதம் தீர்மானிக்கவில்லை.

தேயிலைக்கு முன் இம்மலைகளில் விளைந்தது கோப்பி. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பான்மையும் ஆடவர். பழம் பறிக்கும் பருவத்திற் கூட்டங்கூட்டமாக வந்து, பருவம் முடிந்ததும் தம் ஊர் வயல்களுக்குத் திரும்பினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது தலைசாய்க்க ஓர் ஒதுக்கிடம். இல்லறம் நடத்த வீடன்று. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தொழித்தது. ஜேம்ஸ் ரெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்திற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலைச் செடி பருவம் பார்த்துத் துளிர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும், சில நாட்களுக்கு ஒருமுறை, கொழுந்து கிள்ளப்படல் வேண்டும். பிந்தினால் இலை முற்றிவிடும். எனவே வந்துபோகும் ஆடவர் கூட்டம் பயன்படவில்லை. நிலைத்திருக்கும் தொழிலாளர் வேண்டப்பட்டனர். ஆடவனை ஓரிடத்தில் நிலைநிறுத்தும் வழி அவன் மனைவி மக்களை உடன் கொணர்வதே என்பதைத் தோட்டக்காரர் விரைவில் உணர்ந்தனர். தனியாள் இரவோடிரவாக அடுத்த தோட்டத்துக்கு ஓடிவிடலாம்; கைக்குழந்தையோடு மலையிறங்குவது எளிதன்று.

கடல் கடந்து சென்ற ஏனைய தமிழரின் நிலையோடு இதனை ஒப்புநோக்கல் பயன்தரும். பிஜி, நேற்றால் முதலிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டோரில், 100 ஆடவர்க்கு 40 பெண்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆடவர் மிகவும், பெண்டிர் அரிதாகவும் வாழ்ந்த பிஜித்தீவின் கூலி லயங்களில் கொலையும் தற்கொலையும் மலிந்தன. அங்குக் கரும்புத் தோட்டத்திற் கலங்கிய மாதரை எண்ணிப் பாரதியார் பாடியதை அறியாதார் இலர். அவ்வொப்பந்தங்கள் 1920இல் முடிவுற்றன. ஈழத்துக்கு ஆட்கட்டியது வேறொரு முறையில். கங்காணி தன் ஊருக்குச் சென்று தன் உறவினரையும் அயலாரையும் குடும்பத்தோடு திரட்டி வந்தான். 1904இல் திருச்சிராப்பள்ளியிலே ஆள் திரட்டும் நிலையம் நிறுவப்பட்ட பின்னரும் கங்காணியே நடுநாயகமாக விளங்கினான். இதனாற் பிஜித்தீவின் அவலம் இங்கு நேரவில்லை என்பது மெய்தான். ஆனால் ஊரிலிருந்த குடும்ப ஆட்சி, சாதிக் கட்டு, பெரியோன் சொல்லுக்குப் பெண் அடங்கும் வழக்கு ஆகிய யாவும் வேரோடு பெயர்த்து மலையில் நடப்பட்டன. மாமனும் பெரியப்பனுமாக வீட்டில் இருந்தவனே வேலைத்தலத்தில் மேற்பார்வையாளனுமானான். அவனுக்கு வேலைக்கு வந்த தலையொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. பெண்ணும் ஒரு தலையாக எண்ணப்பட்டாள்.

கொழுந்து பறிக்கப் பெண்களே ஏற்றவர், அவர்தம் விரல்கள் மெல்லியன என்று கூறும் வழக்கம் இன்றும் உண்டு. விளம்பரப் படங்களிலே கூடை சுமந்து நகைமுகங் காட்டும் பெண்ணைக் காணாதவர் யார்? விரலின் மென்மையைவிடக் கூலிப் பட்டியல் தெளிவாக உண்மை பேசுகின்றது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1929இல் மலைநாட்டுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒரு குடும்பத்தில் மூவரும் வேலைக்குச் சென்றாற்றான் அடுப்பெரியும் என்ற கணக்கு அப்பட்டியலில் அடங்கியிருந்தது. பெண்ணின் உழைப்பு கணவன் உழைப்புக்குத் துணை என்று கருதப்பட்டது. தேயிலையோ அவள் உழைப்பையே முதலாகக் கொண்டு நின்றது.

இக்கணக்கு கல்லாலும் தகரத்தாலும் உருப்பெற்றதே லயம். நீண்ட ஒரு கட்டடம். அதனைக் குறுக்குச் சுவர்கள் அறை அறையாகப் பிரிக்கும். தொழிலாளர் வழக்கில் ஓரறை ஒரு காம்பரா. பொதுவாக அது 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. சில லயங்களில் இருவரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அவற்றிற்குப் பின்கதவும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. குடும்பத்தை வரவழைத்த தோட்டம் குடும்பம் வளரும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. மகனுக்கு மணமானதும் சேலையொன்றைக் குறுக்கே கட்டித் திரையாக்கினர். அத்திரைக்கு இப்புறம் பெற்றோரும் தங்கைமாரும், அப்புறம் மணமக்கள். பருவமடைந்த பெண்ணைத் தனியிடத்தில் வைக்கும் சடங்குக்கும் அதே காம்பராவின் ஒரு மூலையே கிடைத்தது. சுவர் கூரைவரை எழாத லயங்களில் ஒரு வீட்டுப் பேச்சு மறுவீட்டுக்குக் கேட்கும். கணவன் மனைவியரின் ஊடலும் கூடலும் வரிசை முழுவதும் அறிந்த செய்திகளாயின. இல்லறத்துக்கு உரிய மறைவு என்பது செல்வர்க்கு மட்டும் உரிய பொருளாயிற்று எனலாம்.

மறைவின்மையின் பாரம் பெண்ணின்மேலேயே மிகுதியும் விழுந்தது. கழிப்பிடம் இல்லாத காலத்தில் அவள் விடியுமுன் தேயிலைச் செடிகளுக்கிடையே சென்று வரவேண்டியிருந்தது. குளிப்பதும் நீர் மொள்வதும் பீலிக்கரையில். மூங்கிலாலோ தகரத்தாலோ ஆன குழாயில் ஓடை நீர் விழும் அவ்விடம் பெண்கள் கூடிப் பேசும் இடமாகவும் அமைந்தது. தோட்டத்திலே கங்காணியின் கண்ணும் கணக்கப்பிள்ளையின் கண்ணும் எட்டாத பொதுவிடம் அவர்களுக்கு அது ஒன்றே. கொழுந்து மலையில் வரிசை பிரித்து நிறுத்துபவன் ஆண், மடுவத்தில் நிறுத்து எழுதுபவன் ஆண், துரை ஆண். பிரட்டுக்களத்தில் அதிகாலையிலே தப்பொலி கேட்டு வந்து நிற்கும் பெண்ணுக்கு, அன்றைய பொழுது முடியும்வரை தன் இனத்தாள் ஒருத்தியின் கட்டளை கேட்க வாய்ப்பில்லை. பிள்ளைக் காம்பராவிற் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவி ஒருத்தியே விதிவிலக்கு. 1939ஆம் ஆண்டின் பிரசவ உதவிக் கட்டளைச் சட்டம் பேறுகாலத்திற் சிறிது உதவி செய்தது. எனினும் அவள் வேலைக்குத் திரும்பும் நாளே தோட்டத்தின் கவலையாயிருந்தது.

லயங்கள் யாவும் ஒரே தன்மையன போலத் தோன்றினும், எந்த லயத்தில் எவர் என்பதில் ஒழுங்கு இருந்தது. குடியானவர் எனப்பட்ட சாதியினர்க்கு ஒரு பக்கம், ஏனையோர்க்கு வேறு பக்கம் என ஒதுக்கினர். துரைமார் இதனைக் கூலிகளின் விருப்பம் என்று கூறினர். கலப்பு மணம் நிகழாதபடி காக்கும் வேலியும் அதுவே. பெண் ஒருத்தி தன் லயத்துக்கு அப்பால் மனம் வைத்தால், தோட்டம் விட்டுத் தோட்டம் ஓடுவதன்றி வேறு வழி இருந்ததில்லை. 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையிலோ, கடன் தீர்த்ததற்கான துண்டில்லாதவரை அடுத்த தோட்டம் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே காதலுக்குக் குறுக்கே சாதி மட்டுமன்றிக் கணக்கேடும் நின்றது.

இனிப் பட்டினத்துக்கு வருவோம். ஹட்டன் கடைத்தெருவில் நெடுங்காலம் ஆடவர் கூட்டமே நிறைந்திருந்தது ஏன் என்பதற்கு, நாணம், மரபு என்று எளிதாக விடை கூறிவிடுவர் சிலர். தோட்டத்து வேலைநேரத்தைப் பார்த்தாற் காரணம் வேறாகத் தோன்றும். கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், முள்ளுக் குத்துதல் என்பன ஆண்களின் வேலைகள். அவை இத்தனை செடி, இவ்வளவு தூரம் என அளவு குறித்துக் கொடுக்கப்பட்டன. முனைந்து செய்தவன் நண்பகல் கழிந்தவுடன் விடுபட்டான். கொழுந்து பறித்தலோ பொழுது முழுவதும் நீடிப்பது. மாலையிற் கடைசி நிறுவை முடிந்தபின்னரே பெண் மலையிறங்கினாள். இறங்கியதும் விறகும் நீரும் அடுப்பும் காத்திருந்தன. ஆகவே பிற்பகற் பொழுது ஆணுக்கு உரியதாயிற்று. அப்பொழுதை நம்பியே தேநீர்க் கடையும் கள்ளுக் கடையும் முடிதிருத்தும் நிலையமும் பின்னாளிற் சினிமாக் கொட்டகையும் தொழிற்சங்கக் காரியாலயமும் தெருவில் இடம்பிடித்தன. சம்பளத்தையும் மனைவிக்காகக் கணவனோ, மகளுக்காகத் தந்தையோ கைநீட்டிப் பெறும் வழக்கம் நீடித்தமையால், பணமும் பொழுதும் ஒரே கையிற் சேர்ந்தன. பெண்கள் பட்டினத்தைக் கண்டது சம்பள ஞாயிற்றிலும், தீபாவளிக்குத் துணி எடுக்கவும், மாணிக்கப் பிள்ளையார் கோயில் விழாவுக்கும் போன்ற குறித்த நாட்களிலேதான். ஒரு பட்டினத்தின் அகலம் அதிற் செலவிடக் கிடைக்கும் மணித்தியாலத்தைப் பொறுத்தது போலும்!

பட்டினத்தில் வாழ்ந்த வணிகரின் நிலை இதற்கு மறுதலையானது. துணிக்கடை, மளிகைக்கடை, அடகுக்கடை நடத்திய தமிழக வணிகரும் அவர்தம் சிப்பந்திகளும் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தோர். கடைக்கு மேல்மாடியிற் பாய் விரித்துப் படுத்து, பின்கட்டிற் பொதுச் சமையலில் உண்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை ஊர் சென்று திரும்பினர். பொருள்வயிற் பிரிவைப் பாலையாகப் பாடியது தமிழ். அந்தப் பாலை, ஹட்டனில் குறிஞ்சி நிலத்து நடுவே கடைத்தெருவின் மேல்மாடியிற் குடியிருந்தது. பம்பாய் ஆலைப் பகுதிகளிலும் கிராமத்தில் மனைவியை விட்டு வந்த ஆடவர் நெருங்கி வாழ்ந்தமை வரலாறு. ஹட்டனுக்குச் சிறப்பு யாதெனில், குடும்பமில்லாத ஆடவரின் தெருவும், மறைவில்லாத குடும்பங்களின் லயமும் சில மைல் இடைவெளியில் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தமையே.

மலையுச்சியில் நின்ற பங்களாவிலும் ஆண்மையே குடியிருந்தது. இளந்துரைமார் பதவி உயரும்வரை மணம்புரிவதைத் தோட்டக் கம்பெனிகள் விரும்பவில்லை. 1876இல் நுவரெலியாவில் அமைந்த ஹில் கிளப் போன்ற மன்றங்கள் வெள்ளை ஆடவர்க்கென எழுந்தன. தனிமையில் வாழ்ந்த துரைக்கும் பங்களாவுக்கு அழைக்கப்பட்ட தோட்டப் பெண்ணுக்கும் இடையிலான உறவைக் குறித்து எழுத்திலே காணப்படுவது குறைவு. மறுக்கும் வலிமை எத்துணை அவளுக்கு இருந்தது என்பதை, அவளுடைய கூலியும் குடும்பத்தின் காம்பராவும் எவன் கையில் இருந்தன என்பதைக் கொண்டு உய்த்துணரலாம். 1909இல் ஆங்கில அரசின் குடியேற்ற நாட்டமைச்சர் குறூ பிரபு, உள்நாட்டுப் பெண்களோடு இத்தகைய உறவு கொள்ளலாகாது எனத் தம் உத்தியோகத்தரை எச்சரித்துச் சுற்றறிக்கை விடுத்தார். அரச ஊழியரல்லாத தோட்டத் துரையை அஃது எட்டவில்லை. அவ்வுறவிற் பிறந்த பிள்ளைகள் லயத்திலும் பங்களாவிலும் இடமின்றி நின்றனர். அவர்களுக்கென 1924இல் நுவரெலியாவில் அர்னல்ட் பெயின்ரர் என்னும் பாதிரியார் ஓர் இல்லம் நிறுவினார். பேசப்படாத ஒரு வரலாற்றுக்கு எஞ்சிய கட்டடச் சான்று அது.

புகைப்படக் கலையிற் புகழ்பெற்ற ஜூலியா மார்கிரட் கமறன் 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். ஈழத்தில் அவர் எடுத்த படங்களிலே தமிழ்ப் பெண்களும் உளர். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞரும் அறிஞரும் பெயரோடு விளங்க, இப்பெண்கள் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர்.

லயத்து மக்கள் இவ்வடக்குமுறையின்கீழ் ஊமைகளாய் வாழ்ந்தனர் என எண்ணலாகாது. மாசி மாதத்திற் காமன் கூத்து வரும். லயத்துக்கு அண்மையில் உள்ள திடலிலே காமனை ஊன்றி, மன்மதனும் இரதியும் கூடியதும் பிரிந்ததும், சிவபெருமான் நெற்றிக்கண்ணால் மதனன் எரிந்ததும், இரதி புலம்பி அவனை மீட்டதும் ஆடிக்காட்டப்படும். இரதியாக ஆடுபவரும் ஆடவரே. நேர்த்தி வைத்து நோன்பிருந்து பெண்வேடம் பூணும் அவ்வாடவரைக் கேலி செய்வார் இலர். லயந்தோறும் வரும்போது பெண்கள் தெய்வமாகவே வரவேற்பர். ஆணுடலிற் பெண்துயரைக் கண்டு பெண்கள் அழும் அவ்விரவில், வேலைநாளுக்குரிய எல்லைகள் சற்றுத் தளர்கின்றன. காமம் என்னும் சொல்லை வாய்விட்டுக் கூறக் கூசும் சமூகம், அதற்கென ஆண்டுதோறும் ஒரு பொதுத் திடலை ஒதுக்கிவைத்தது.

பட்டினத்து மேடையிலே முதன்முதற் பெண்குரல் ஒலிக்கச் செய்தவருள் தலையாயவர் மீனாட்சி அம்மையார். இவர்தம் கணவர் கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அம்மையார் 'தேசபக்தன்' பத்திரிகைப் பணியிற் பங்குகொண்டதோடு, கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூலை வெளியிட்டார். ஆடவர்க்கெனவே அமைந்த தெருவில் ஒரு பெண் நின்று பாடுவது அக்காலத்திற் சிறு செயலன்று. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை பெண்ணுக்கும் வாக்களித்திருந்தது. வாக்குச்சாவடிக்குச் செல்லுதல், வேலையல்லாத காரியத்துக்காக அவள் தன் பெயரோடு தோட்டத்து எல்லையைக் கடந்த முதற் பயணங்களுள் ஒன்று.

அப்பாதை நெடுங்காலம் திறந்திருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வம்சாவழியைத் தந்தை வழியாகவே தேடிற்று. மணவுறவிற் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிறப்பிடம் கணக்கில் வரவில்லை. 2003இற்றான் இவ்வேற்றுமை திருத்தப்பட்டது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டமோ மணமானவர்க்கு 7 ஆண்டும் ஏனையோர்க்கு 10 ஆண்டும் தொடர்ந்த வதிவை வேண்டியதோடு, மனைவி மக்களும் இந்நாட்டிலேயே வாழ்ந்திருத்தல் வேண்டும் என விதித்தது. மேல்மாடியில் வாழ்ந்த கடைச்சிப்பந்திகள் இவ்விதியிலே சிக்குண்டனர். ஊரில் விளக்கேற்றிக் காத்திருந்த மனைவியே அவர்களின் விண்ணப்பத்துக்கு எதிர்ச்சாட்சியானாள்! 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தாய் ஒரு நாடு, மணமான மகள் ஒரு நாடு எனக் குடும்பங்கள் பிளவுண்டன. அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என அழைத்தனர்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. இவ்விரண்டினாலும் லயத்தின் சுவர் அகலவில்லை. பெண்களுக்குப் பெரிதும் பயன்பட்டது 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம். அவ்வாண்டிலேதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாயிற்று. 1929இன் பட்டியலிலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள். அதன்பின் கொழும்பு ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்கு வீட்டுவேலைக்கும் பெண்கள் பெயரத் தொடங்கினர். கல்வி கற்றோர் ஆசிரியைகளாயினர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றிற் பயின்று வெளியேறிய அவர்கள், பட்டினத்தைத் தம் சொந்தச் சம்பளத்தோடு அணுகினர். புத்தகக் கடையிலும் வங்கியிலும் பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்கள் நிற்கும் காட்சி, பழைய ஹட்டனை அறிந்தோர்க்குப் புதுமையாகும். அம்மாற்றத்தை உண்டாக்கியதிற் பள்ளிக்கூட மணிக்கும் பங்குண்டு.

வீட்டின் நிலை அத்துணை விரைவில் மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புக்களைக் கிராமமாகக் கருதவில்லை. லயத்துக்குப் பாதையும் தெருவிளக்கும் அமைக்கச் சபைகளுக்குத் தடையாயிருந்த அதன் 33ஆம் பிரிவு 2018இற் றிருத்தப்பட்டது. இருட்டில் மலையிறங்கும் பெண்ணுக்கு இத்திருத்தத்தின் பொருள் சட்டவறிஞரினும் நன்கு விளங்கும். 2015க்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் கொள்கை பரவியது. இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகள் கட்டும் திட்டத்தோடு, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. காம்பராவோ 120 சதுர அடி. திரைச்சேலை தேவைப்படாத வீட்டிற் பிள்ளைகள் வளர்வது எத்தகைய மாற்றம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வீட்டின் உறுதி கணவன் பெயரிலா, மனைவி பெயரிலா, இருவர் பெயரிலுமா எழுதப்படுகின்றது என்பதிலேயே அதன் எதிர்காலம் தங்கியுள்ளது.

தனிவீடு கிட்டாதார் இன்னும் பலர். அவர்கள் வாழும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவரேனும் தோட்ட வேலையில் இருத்தல் வேண்டும் என்பதே பொதுவான வழக்கு. ஆண்மக்கள் கொழும்புக் கடைகளுக்குப் பிழைக்கச் சென்றுவிட்ட குடும்பங்களில், அவ்வொருவர் பெரும்பாலும் தாயாகவே இருக்கின்றார். முதுகு வளைந்த பின்னும் அவர் காலையிற் கூடையோடு மலையேறுகின்றார். செக்ரோலில் அவருக்குப் பேர் விழும்வரை அக்கூரை அக்குடும்பத்துக்கு உரியது.